விரல் அக்காவும் காஞ்ச மாலையும்

இதனால் பீடோங் பட்டணத்துத் தாமான்வாசிகளுக்கும், மெர்போக் முதல் சுங்கை பட்டாணி வரை வீடு வைத்திருக்கும் சகல வாடிக்கையாளர்களுக்கும், அவர்களுடைய ஜன்னல், கழிவறை, மின்விசிறி, அடுப்படி ஓடு முதலியவற்றுக்கும் அறிவிக்கப்படுவது யாதெனில்: பிரேமா துப்புரவுச் சேவை என்னும் இந்நிறுவனம் வருகிற புதன்கிழமை காலை பத்து மணிக்குக் கணினி யுகத்தில் காலடி எடுத்து வைக்கிறது.

இந்த அறிக்கை திங்கட்கிழமை விடிகாலையில் பிரேமாவதியின் வீட்டு ஐஸ்பெட்டிக் கதவில், முருகன் படம் போட்ட காந்தத்தின் பாதுகாப்பில் தொங்கியது. கீழே கையெழுத்து: காளிதாசன், பொது மேலாளர். கையெழுத்துக்குக் கீழே ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே இன்னொரு கோடு.

அதைப் படித்தபோது பிரேமாவதிக்கு இரண்டு செய்திகள் தெரியவந்தன. ஒன்று, அவளுடைய கம்பெனி யுகம் மாறப்போகிறது. மற்றொன்று, அவளுடைய கம்பெனிக்குப் பொது மேலாளர் என்று ஒருவர் இருக்கிறார். அவர் இப்போது கைலியோடு பின்வாசலில் பல் விளக்கிக்கொண்டிருக்கிறார். அவள் பால் டின்னை எடுத்துக்கொண்டு கதவைச் சாத்தினாள். அறிக்கை ஒருமுறை ஆடி நின்றது.

பிரேமா துப்புரவுச் சேவை என்பது ஒரு பழைய வெள்ளை வேன், மூன்று மோட்டார் சைக்கிள், வாளிகள், எண்ணி மாளாத துடைக்கும் துணிகள், ஆறு பெண்கள். எல்லாரும் சுற்றுவட்டாரத் தோட்டங்களில் பிறந்தவர்கள். ரப்பர் போய்ச் செம்பனை வந்து, லயத்து வீடுகள் போய்த் தாமான் குடியிருப்புகள் வந்தபோது கூடவே பீடோங்குக்கு வந்து சேர்ந்தவர்கள். பதினோரு வருடத்துக்கு முன் ஒற்றை மோப்போடு ஆரம்பித்த பிரேமாவதிக்கு இப்போது அறுபத்தோரு வீடுகள். எந்த வீட்டுக்கு எந்தக் கிழமை, எந்த வீட்டு நாய் கடிக்கும், எந்த வீட்டு நாய் கடிப்பதுபோல் நடிக்கும் என்பதெல்லாம் பாதி அவளுடைய கைப்பேசியிலும் பாதி அந்த ஆறு பேரில் ஒருத்தியான அழகம்மாவின் வாயிலும் இருந்தன. அது போதுமானதாகவும் இருந்தது, கணவர் காளிதாசன் வேலையிலிருந்து ஓய்வு பெறும்வரை.

காளிதாசன் முப்பது வருடம் கையுறைத் தொழிற்சாலையில் பகல் ஷிஃப்ட் சூப்பர்வைசர். அவருக்குக் கீழே நாற்பது பேர். நான்கு மாதத்துக்கு முன் ஒரு சுவர்க்கடிகாரத்தைக் கையில் கொடுத்து அனுப்பிவைத்தார்கள். நாற்பது பேரை மேய்த்த மனிதருக்கு இப்போது மிச்சமிருந்தது, அறிக்கை ஒட்ட ஓர் ஐஸ்பெட்டி.

ஆனால் இந்த யுக மாற்றத்துக்கு ஒரு காரணம் இருந்ததையும் சொல்லிவிட வேண்டும். சுங்கை பட்டாணியில் புதிதாக மூன்று மாடியில் ஒரு டயாலிசிஸ் மையம் திறக்கிறார்கள். துப்புரவுக்கு மூன்று வருட ஒப்பந்தம். மையத்தின் நிர்வாகி ஷம்சியா, ஆறு வருடமாகப் பிரேமாவதியின் சனிக்கிழமை வாடிக்கை. "கடுதாசி அனுப்பச் சொல்றேன் பிரேமா, நீயும் டெண்டர் போட்டுப் பாரு. ஆனா தெரிஞ்சவன்னு பாக்க மாட்டேன். எனக்கு எடம் சுத்தமா இருக்கணும், அவ்ளதான்" என்று சொல்லியிருந்தார்.

கிடைத்தால், ஆறு பெண்களுக்கும் ஒரே இடத்தில், கூரைக்குக் கீழே, மாதச் சம்பளத்தில் வேலை. முக்கியமாக அழகம்மாவுக்கு. அவளுக்கு ஐம்பத்தேழு வயது. வலது முழங்கால் அவளுக்கு முன்பே ஓய்வு பெற்றுவிட்டது. படி ஏறாதே, மோட்டார் சைக்கிள் ஏறாதே என்று டாக்டர் சொன்னதற்கு, "அப்ப வேலைக்கு எப்படி டாக்டர் போறது, பறந்தா?" என்று கேட்டுவிட்டு அன்று மத்தியானமே ஒரு மாடி வீட்டைத் துடைத்தாள். மையத்தில் லிஃப்ட் இருந்தது. பிரேமாவதி ஒருநாள் போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தாள். மூன்று மாடியையும் பார்க்கவில்லை, லிஃப்டை மட்டும் பார்த்தாள். மேலே போய்க் கீழே வந்து, இன்னொரு தரம் மேலே போய்க் கீழே வந்தாள்.

வந்த கடிதம், விண்ணப்பப் பாரத்தோடு சேர்த்து எட்டுப் பக்கம். அதை முழுதாகப் படிக்கும் பொறுப்பைக் காளிதாசன் தாமாக ஏற்று, ஐந்தாம் பக்கம் ஏழாவது அம்சத்தில் வந்து நின்றுவிட்டார்.

"என்னா பிரேமா, ஐஸ்பெட்டில யாரோ செத்துப்போன நோட்டீஸ் ஒட்டிருக்கு?" அழகம்மா நாசி லெமாக் பொட்டலங்களோடு உள்ளே வந்தாள்.

"படிச்சிப் பாரு. நம்ம பொது மேலாளரு எழுதுனது."

"அது யாரு புதுசா?"

காளிதாசன் துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு வந்தார். "அழகம்மா, இது வெளையாட்டு இல்ல. அஞ்சாம் பக்கம், ஏழாவது அம்சம். வாடிக்கையாளர் உறவு மேலாண்மை மென்பொருள் வச்சிருக்கணும். சி.ஆர்.எம். அது இல்லாட்டி பாரத்தத் தொறந்துகூட பாக்க மாட்டானுங்க."

"உறவு எதுக்குண்ணே? கூட்டித் தொடச்சிட்டு வந்தா போதாதா? உறவு வச்சிக்கிட்டா அப்பறம் கல்யாணத்துக்கு மொய் எழுதணும்."

"இதுக்குத்தான் சொல்றது, ஒங்களுக்கெல்லாம் ஒரு ட்ரெயினிங் வேணும்னு."

"ட்ரெயினிங் அப்பறம் வைங்கண்ணே. மொதல்ல பசியாறுங்க. சம்பல் இன்னிக்கு உறைப்பு ஜாஸ்தி."

பொது மேலாளர் பசியாறினார். சம்பல் உண்மையிலேயே உறைப்பாகத்தான் இருந்தது.

அன்று சாயந்திரம் பினாங்கிலிருந்து விக்னேஸ்வரன் வந்தான். காளிதாசனின் ஒன்றுவிட்ட தங்கை மகன். மென்பொருள் விற்கிற கம்பெனியில் வேலை. கழுத்தில் அடையாள அட்டை தொங்கியது. அதைக் கழற்றாமலேயே கை கழுவினான், காரக்கொழுக்கட்டை தின்றான். மடிக்கணினியைத் திறந்து மூன்று மென்பொருள்களைக் காட்டினான்.

முதலாவது அமெரிக்காவினுடையது. விக்னேஸ்வரன் திரையில் அம்புக்குறியை ஓட்டினான். "மாமா, இதுல ஒரு கஸ்டமரு ஆறு கட்டம் தாண்டி வருவாங்க. மொதல்ல லீட். அப்பறம் ப்ராஸ்பெக்ட். அப்பறம் குவாலிஃபைட். அப்பறம்..."

"தம்பி," என்றாள் பிரேமாவதி, அடுப்பில் மீன்குழம்பைக் கிளறிக்கொண்டே. "எங்களுக்குப் போன் வரும். நாளைக்கி வர முடியுமான்னு கேப்பாங்க. நான் முடியும்னுவேன். அது எந்தக் கட்டம்?"

விக்னேஸ்வரன் யோசித்தான். "அது நேரா ஆறாவது அத்தே."

"அப்ப மொத அஞ்சுக்கும் சேத்தா காசு வாங்குறான்?"

காளிதாசன் தொண்டையைச் செருமினார். "பிரேமா, மேலாண்மைன்னா அப்படித்தான்."

இரண்டாவது மென்பொருளில் பதினேழு வண்ணத்தில் வட்டங்களும் கோபுரங்களும் வந்தன. ஐம்பது விற்பனையாளர்கள் வைத்திருக்கும் அலுவலகத்துக்கு அருமையானது என்றான் விக்னேஸ்வரன். காளிதாசன் அதை ஆசையோடு பார்த்தார். அந்தக் கோபுரங்களின் உச்சியில் தாம் நிற்பதாக அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

அழகம்மா காலை நீட்டி முழங்காலில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள். "தம்பி, இதுல நாய் இருக்கா?"

"நாயா?"

"வீட்டு நாய்லா. கட்டிப் போட்டிருக்கா, அவுத்து விட்டிருக்கா. அத எங்க போடுறது?"

விக்னேஸ்வரன் தேடினான். அமெரிக்க மென்பொருளில் வாடிக்கையாளரின் ஆண்டு வருமானத்துக்கு இடம் இருந்தது, தொழில்துறைக்கு இடம் இருந்தது, தொலைநகல் எண்ணுக்குக்கூட இடம் இருந்தது. நாய்க்கு இல்லை. பதினேழு வண்ணத்திலும் நாய் இல்லை. மூன்றாவதாக ஒன்று இருந்தது. பதினான்கு நாள் இலவசம், ஒரே பக்கம், பெயர், எண், கிழமை. அடியில் ஒரு வெள்ளைப் பெட்டி.

"இது குறிப்பு. இதுல என்னா வேணாலும் எழுதலாங்க."

"நாய் எழுதலாமா?"

"எழுதலாம்."

"பேசாம இதையே எடுங்கலா," என்றாள் அழகம்மா, காலை மடக்கிக்கொண்டு.

அரைமணி நேரம் கழித்துக் காளிதாசன் எழுந்து நின்று, பல்வேறு மென்பொருள்களைப் பல கோணங்களில் பரிசீலித்த பின் நிர்வாகம் மூன்றாவதைத் தேர்ந்தெடுத்துள்ளது என்று அறிவித்தார். நாயைப் பற்றி அவர் குறிப்பிடவில்லை.

"ஒவ்வொரு பேரா டைப் பண்ணவும் வேணாம்," என்றான் விக்னேஸ்வரன். "அத்தே போன்ல இருக்குற கஸ்டமரு பேரெல்லாம் ஒரே நிமிஷத்துல உள்ள தள்ளிடலாம். குடுங்க." பிரேமாவதி இடது கையால் கைப்பேசியை நீட்டினாள். வலது கையில் கரண்டி இருந்தது.

அந்தக் கைப்பேசியைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. பிரேமாவதி பிறந்த தோட்டத்தில் ஒரு மனிதருக்குச் செக்ரோல் புத்தகத்தில் ஒரு பெயரும் மனிதர்கள் வாயில் ஒரு பெயரும் இருந்தன. செக்ரோல் பெயர் சம்பளத்தன்று கணக்கெழுதும் கிராணி கூப்பிடும்போது மட்டும் பயன்படும். அப்போதும் பக்கத்தில் நிற்பவன் இடித்துச் சொன்னால்தான் ஆள் திரும்புவான். அவளுடைய அப்பாவுக்கு 'ரேடியோ' என்று பெயர். அவர் செத்தபோது பேப்பரில் சொந்தப் பெயரைப் போட்டு இரங்கல் கொடுத்தார்கள். பக்கத்துத் தோட்டத்து ஆட்களில் பாதிப் பேர் எடுப்புக்கு வரவில்லை. செத்தது யாரென்று தெரியாமல் சோறு தின்றுவிட்டுப் படுத்துவிட்டார்கள். மூன்றாம் நாள் வந்து, "ரேடியோவா? முன்னாலயே சொல்லக் கூடாதா?" என்று அழுதார்கள். தோட்டம் போனது, பழக்கம் போகவில்லை. பிரேமாவதியின் கைப்பேசியில் அறுபத்தோரு வாடிக்கையாளர்கள் இருந்தார்கள். ஒருவர்கூடத் தம் சொந்தப் பெயரில் இல்லை. அது அவளுக்கு நினைவிலும் இல்லை. அவளைப் பொறுத்தவரை அவைதான் அவர்களுடைய பெயர்கள்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஜெராய் மலை உச்சியில் மேகம் இறங்கி, மூன்று மணிக்கு மழை கொட்டியது. செம்பனை ஓரமாக வேனை நிறுத்திவிட்டுப் பெண்கள் உள்ளே அடைந்துகொண்டு, மாவில் தோய்த்துப் பொரித்த சூடான வாழைப்பழம், பீசாங் கோரெங்கைப் பிட்டுத் தின்றார்கள். லோகேஸ்வரி மடியில் கைப்பேசியை வைத்துக்கொண்டிருந்தாள். இருபத்துநாலு வயது, எழுத்துகளின் மேல் விரல் மழையைவிட வேகமாக விழும். குறிப்புப் பெட்டிகளை நிரப்பும் பொறுப்பு அவளுடையது. அழகம்மா சொல்லச் சொல்ல, அவள் தட்டினாள். பிரேமாவதி அன்று வேறொரு வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்குள் இருந்தாள்.

"அடுத்தது யாரு?"

"டீ தராத வீடு."

"டீ தராது. தண்ணி கேட்டா பைப்பக் காட்டும். பிஸ்கட் டின்ன நம்ம முன்னாலயே பூட்டும். எழுது."

"ரெண்டு அடுப்பு வீடு?"

"மாமியாளுக்கு ஒண்ணு, மருமகளுக்கு ஒண்ணு. ரெண்டையும் ஒரே துணியில தொடைக்கக் கூடாது, தீட்டு. யாருது நல்லா பளிச்சின்னு இருக்குன்னு கேட்டா வாயத் தொறக்கக் கூடாது."

வேன் சிரிப்பில் ஆடியது. லோகேஸ்வரி கொஞ்சம் நிறுத்தினாள். "அழகம்மாக்கா, இதெல்லாம் எழுதலாமா?"

"நாம பாக்கத்தானே எழுதுறோம். வீட்டுக்காரனா பாக்கப் போறான்? எழுதுலா. அடுத்தது, காஞ்ச மாலை."

அன்று இரவு காளிதாசன், திறப்பு விழாவன்று வாடிக்கையாளர் அனைவருக்கும் போக வேண்டிய வாழ்த்தைத் தூய தமிழில் எழுதினார். அடியில் மென்பொருள் சில பெட்டிகளைக் காட்டியது: பெயரைச் சேர்க்கவா? குறிப்பைச் சேர்க்கவா? முப்பது வருடம் தொழிற்சாலையில் பெட்டியைப் பார்த்தால் குறி போட்டுப் பழகிய கை. எல்லாவற்றிலும் குறி போட்டுவிட்டுப் படுத்தார்.

புதன்கிழமை காலை ஒன்பது மணிக்கே வீட்டு முன்னறையில் பலூன் கட்டியாயிற்று. மேசையில் மடிக்கணினி, அதன் குறுக்கே சிவப்பு ரிப்பன். சிறப்பு விருந்தினர் தலைவர் புவனேசன், மனைவி நளினியோடு வந்து இறங்கினார். புவனேசன் ஏழு சங்கங்களுக்குத் தலைவர். எட்டாவது ஒன்று ஆரம்பித்தால் அதற்கும் அவரேதான் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. அவரும் வியாழக்கிழமை வாடிக்கை. இதுவரை நடந்த கூட்டங்களில் தமக்குப் போட்ட மாலைகளை எல்லாம் அவர் வீட்டுக் கூடத்துச் சுவரில், காய்ந்தது காய்ந்தபடி, வரிசையாக மாட்டி வைத்திருந்தார். போட்டவர் பெயரோடு.

தலைவர் இருபத்தைந்து நிமிடம் பேசினார். துடைப்பத்திலிருந்து கணினிக்கு என்பது தலைப்பு. ஆறு பெண்களும் சீருடையில் சுவரோரம் நின்றார்கள். அழகம்மா ஒரு காலை மாற்றி மறு காலில் நின்றாள். ரிப்பன் வெட்டப்பட்டது. காளிதாசன் சுட்டிக்காட்டிய இடத்தில் புவனேசன் அழுத்தினார். கைத்தட்டல். கைத்தட்டல் அடங்குவதற்குள் தலைவரின் சட்டைப்பையில் மணி அடித்தது.

"ஆகா! முதல் செய்தி எனக்கே!" என்று ஒலிவாங்கியை விடாமலே கைப்பேசியை எடுத்துக் கண்ணாடியைச் சரிசெய்து, மேடைக் குரலில் படிக்கத் தொடங்கினார்.

"மதிப்பிற்குரிய காஞ்ச மாலை அவர்களே! வணக்கம். தங்கள் இல்லத்தின் தூய்மையே எங்கள் உயிர்மூச்சு. எங்கள் கணினிப் பதிவில் தங்களைப் பற்றியுள்ள குறிப்பு வருமாறு..."

பிரேமாவதி ஒலிவாங்கியின் ஒயரை நோக்கி ஓர் அடி வைத்தாள். ஆனால் தலைவர் நிற்கவில்லை. ஆரம்பித்த பேச்சை நடுவில் நிறுத்திய பழக்கம் அவருக்கு இல்லை.

"மாலை நாப்பத்து மூணு. தூசி தட்டணும், கை படக் கூடாது, ஒண்ணு உதிந்தாலும் கத்தும். போன வருஷம் அம்பத்தி ஒண்ணு இருந்துச்சி. அவரு மீட்டிங் போனதும் அந்தம்மா ஒண்ணொண்ணா குப்பத் தோங்குல போடுது. நாம பாக்காத மாதிரி இருக்கணும். இங்ஙனம், தங்கள் நல்லாசியை நாடும் காளிதாசன், பொது மேலாளர்."

ஒலிவாங்கி மட்டும் மெல்ல இரைந்தது. ஒரு பலூன் வெடித்தது, யாரும் திரும்பவில்லை.

தலைவர் மனைவியின் பக்கம் திரும்பினார். "நளினி. எட்டு எங்க?"

"வீட்டுக்குப் போயி பேசலாங்க."

"ஒரு லாரி ஓட்டுநர் சங்கத்து மாலைய நானே ரெண்டு மாசமா தேடிக்கிட்டிருக்கேன்!"

"அதுல எறும்பு வந்திருச்சிங்க."

தலைவர் ஒலிவாங்கியை மேசையில் வைத்தார். பொன்னாடை போர்த்தும் நிகழ்ச்சி பாக்கி இருந்தது. பொன்னாடையைத் தாமே எடுத்து மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வெளியேறினார். வாசலில் நளினி ஒரு கணம் திரும்பிப் பிரேமாவதியைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்த மாதிரி தெரியவில்லை.

பிரேமாவதி மடிக்கணினியைத் தன் பக்கம் இழுத்தாள். பெயர்கள் ஓடிக்கொண்டிருந்தன. டீ தராத வீடு, அனுப்பப்பட்டது. ரெண்டு அடுப்பு வீடு, அனுப்பப்பட்டது. பாத்ரூம்ல பாடுற அண்ணன், அனுப்பப்பட்டது. அவள் தேடியது இருபத்தேழாவதில் இருந்தது. விரல் அக்கா.

அது ஷம்சியா. வேலை முடிந்ததும் நாற்காலி போட்டு ஏறி, காத்தாடி இறக்கை மேல் ஒற்றை விரலை இழுத்து, வெளிச்சத்தில் காட்டுகிறவர். குறிப்பை லோகேஸ்வரி மென்குரலில் படித்தாள்: "காத்தாடி மேல விரல் வைக்கும். மூணு தரம் தொடைக்கணும். சிங்குக்கு அடியிலயும் விரல் போகும். வாய் பேசாது, விரலத்தான் காட்டும். புதுப் புள்ளைங்கள அனுப்பாதே, அழுதுரும்."

பக்கத்தில் இரண்டு நீலக்கோடு. படித்துவிட்டார். பதில் இல்லை.

"போச்சி," என்றாள் பிரேமாவதி. அவள் கண்முன் லிஃப்ட் கதவு மூடியது.

அழகம்மா தரையைப் பார்த்தாள். "என் வாய்தான் பிரேமா. நானே போயி அக்கா கால்ல விழுறேன்."

"ஒன் முட்டிய வச்சிக்கிட்டா? விழுந்தா யாரு தூக்குறது?"

காளிதாசன் ஒரு மூலையில் உட்கார்ந்து மன்னிப்பு அறிக்கை ஒன்றை எழுத ஆரம்பித்திருந்தார். "தவிர்க்க முடியாத தொழில்நுட்பக் காரணங்களால்" வரை வந்திருந்தது.

"ஏங்க. பேனாவக் குடுங்க."

"பிரேமா, நிர்வாகத்தோட நெலப்பாடு..."

"பேனா."

கொடுத்துவிட்டார். முப்பது வருட சூப்பர்வைசர் அப்படிக் கைகளை மடியில் வைத்து உட்கார்ந்ததை அவள் பார்த்ததில்லை. பாவமாகவும் இருந்தது, வீடு அமைதியாகவும் இருந்தது.

மத்தியானத்துக்குமேல் பதில்கள் வரத் தொடங்கின. பாத்ரூமில் பாடும் அண்ணன், தம் பாட்டு எப்படி இருக்கிறதென்று குறிப்பில் ஏன் எழுதவில்லை என்று கேட்டிருந்தார். ரெண்டு அடுப்பு வீட்டிலிருந்து மாமியாரும் மருமகளும் தனித்தனியாக அழைத்து, மற்றவள்தான் இப்படிச் சொல்லிக்கொடுத்தாளா என்று விசாரித்தார்கள். டீ தராத வீடு ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் மறுநாள் லோகேஸ்வரி போனபோது மேசையில் மைலோ, முறுக்கு, வாழைப்பழம், கூடவே பூட்டில்லாத பிஸ்கட் டின். அவள் ஒவ்வொன்றையும் தின்று முடிக்கும்வரை வீட்டுக்காரம்மா பக்கத்திலேயே நின்று, "இதையும் கம்ப்யூட்டர்ல எழுதிருங்க" என்றாராம்.

பாரம் கொடுக்க வெள்ளிக்கிழமை கடைசி நாள். காளிதாசன் பாரத்தைக் கட்டிக்கொண்டு போனார். ஐந்தாம் பக்கத்துக்கு மட்டும் மூன்று இணைப்புகள். பிரேமாவதி தடுக்கவில்லை, நம்பவும் இல்லை.

சனிக்கிழமை வழக்கம்போல் ஷம்சியா வீடு. பிரேமாவதியே போனாள், அழகம்மாவும் வருவேன் என்று வேனில் ஏறிக்கொண்டாள். ஷம்சியா கதவைத் திறந்து விலகி நின்றார். இரண்டு பேரும் வாளியோடு உள்ளே போய் வேலையை ஆரம்பித்தார்கள். பிரேமாவதி நாற்காலி போட்டு ஏறிக் காத்தாடியைத் துடைத்தாள். ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம். இறக்கை ஒவ்வொன்றின் ஓரமும், நடுக்கிண்ணமும், மேலே சங்கிலியும். இறங்கியபோது அழகம்மா சிங்குக்கு அடியிலிருந்து ஒரு கையை ஊன்றி எழுந்துகொண்டிருந்தாள். பாதி எழுந்து நின்று, மூச்சு வாங்கி, மீதி எழுந்தாள். ஷம்சியா அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு ஷம்சியா நாற்காலியில் ஏறினார். விரலை இழுத்தார். வெளிச்சத்தில் பிடித்தார். இறங்கி, அந்த விரலையே பிரேமாவதியின் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"விரல் அக்கா. இந்தப் பேரு எத்தன வருஷமா?"

"அக்கா, அது வந்து... சும்மா ஒரு அடையாளத்துக்கு..."

"எத்தன வருஷம்?"

"ஆறு."

"அப்ப வந்த மொத வாரத்துலயே வச்சிட்டீங்க."

"ரெண்டாவது வாரங்க்கா," என்றாள் அழகம்மா. "மொத வாரம் வேற பேரு." பிரேமாவதி அவள் காலை மிதித்தாள். நல்ல கால்தான்.

ஷம்சியா உட்கார்ந்தார். அவர் தோள் குலுங்குவதைப் பார்த்து அழுகிறார் என்றுதான் பிரேமாவதி நினைத்தாள். சிரித்துக்கொண்டிருந்தார்.

"எம்மவ ஐனா அத வீட்டு குரூப்புல போட்டுட்டா. மூணு நாளா என் புருசன் எனக்கு முன்னாடி விரலக் காட்டிக்கிட்டே நடக்குறாரு." கண்ணைத் துடைத்துக்கொண்டார். குரல் மாறியது. "இருவத்தஞ்சு வருசம் டயாலிசிஸ் வார்டுல சிஸ்டரா இருந்தேன் பிரேமா. ரத்தத்த வெளிய எடுத்துத் திரும்ப உள்ள விடுற எடம். ஒரு மூலையில தூசி இருந்தா அது தூசி இல்ல, மய்யித்து, பொணம். நான் சும்மாவா விரல வைக்கிறேன்?"

"தெரியுங்க்கா."

"தெரியுதுல்ல? அதான். மத்த மூணு கம்பெனியும் கலரு புத்தகம் அடிச்சிக் குடுத்துருக்கான். படத்துல வெள்ளக்காரி ஒருத்தி மோப் புடிச்சிக்கிட்டு சிரிக்கிறா. ஒருத்தனும் என் விரல எழுதல. நேத்து சாயந்தரம் கமிட்டியில அந்த மெசேஜத்தான் வாசிச்சிக் காட்டினேன். காத்தாடி மூணு தரம், சிங்குக்கு அடியில. எழுதி வச்சி வேல செய்யிற ஆளுங்க இவங்கதான்னு சொன்னேன். முடிஞ்சிருச்சி. புதன்கிழம வந்து கையெழுத்துப் போடு."

பிரேமாவதி நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். கண்முன் லிஃப்ட் கதவு மறுபடி திறந்தது.

"புதுப் புள்ளைங்க அழுதுருன்னு எழுதிருக்கீங்களே, அதுங்களையும் அனுப்பு. அழுதுக்கிட்டே தொடைக்கிறவ ஒழுங்காத் தொடைப்பா." ஷம்சியா அழகம்மாவின் பக்கம் திரும்பினார். "நீங்க கீழ் மாடிதான். மேல போறதுன்னா லிஃப்ட்டுல போகணும். படியில பாத்தேன், அவ்ளதான்."

"அக்கா, அந்த மொத வாரத்துப் பேரு..." என்று அழகம்மா ஆரம்பித்தாள். மறு காலையும் பிரேமாவதி மிதிக்க வேண்டியிருந்தது.

போகும் வழியில் நளினியின் அழைப்பு வந்தது. தலைவர் கோபத்தில் வேறு கம்பெனியைக் கூப்பிட்டிருக்கிறார். வந்தவர்கள் புதியவர்கள், சுறுசுறுப்பானவர்கள்; சுவரில் காய்ந்து தொங்கியதைப் பார்த்துவிட்டு நாற்பத்து மூன்றையும் இரண்டு கறுப்புப் பையில் கட்டிக் குப்பை லாரியில் ஏற்றிவிட்டார்கள். தலைவர் காரை எடுத்துக்கொண்டு லாரியைத் துரத்தினாராம், குருண் வரைக்கும்.

"கெடச்சிச்சாங்க்கா?"

"இல்லலா." நளினியின் குரலில் இப்படியொரு குளிர்ச்சியை அவள் கேட்டதே இல்லை. "வியாழக்கெழம பழையபடி ஒங்க ஆளுங்கள அனுப்பிரு. இப்ப கூட்டுறதுக்கும் சுளுவு. எனக்குன்னு ஒரு பேரு வச்சிருப்பீங்களே, அது என்னான்னு மட்டும் சொல்லு."

"ஒங்களுக்கு இன்னும் வைக்கலக்கா."

"வைங்க," என்றாள் நளினி.

லோகேஸ்வரி மென்பொருளில் ஒரு வேலை செய்தாள். பெயர் என்ற இடத்தில் ஆளுடைய சொந்தப் பெயர். அதற்குக் கீழே இன்னொரு கட்டம், 'நம்ம பேரு'. அது வெளியே போகாது. சொந்தப் பெயர்களை மட்டும் வைத்து ஒருநாள் ஓட்டிப் பார்த்தபோது அழகம்மா மூன்று தடவை தவறான வீட்டுக்குப் போய்விட்டு, ஒரு வீட்டைத் துடைத்தும் முடித்திருந்தாள். அந்த வீட்டுக்காரர் மிகவும் மகிழ்ந்தார்.

புதன்கிழமை காளிதாசன் கழுத்துப்பட்டை கட்டிக்கொண்டு வந்தார். மையத்தின் இரண்டாவது மாடியில், ஷம்சியாவின் மேசைக்கு எதிரே, பிரேமாவதி ஆறு இடத்தில் கையெழுத்துப் போட்டாள். காளிதாசன் சாட்சியாக ஓர் இடத்தில் போட்டு, கீழே ஒரு கோடு இழுத்து, இன்னொரு கோடும் இழுத்தார். வீட்டு ஐஸ்பெட்டிக்கான அடுத்த அறிக்கை அவருடைய முகத்திலேயே பாதி எழுதி முடிந்திருந்தது.

"புவான், ஒரு சின்னக் கேள்வி. நம்ம அஞ்சாம் பக்கம், ஏழாவது அம்சம். அதுக்கு நாங்க குடுத்த மூணு இணைப்பையும் கமிட்டி எப்படிப் பாத்தாங்க? ஏன்னா, எங்க நிறுவனம் கணினி யுகத்துல காலடி எடுத்து வச்சதே அதனாலதான்."

ஷம்சியா துப்புரவுக் கோப்பைத் திறந்து புரட்டினார். நான்காம் பக்கத்துக்கு அடுத்து ஆறாம் பக்கம் இருந்தது. இன்னும் புரட்டினார். பிறகு, கதவுக்கு வெளியே உட்கார்ந்திருந்த கிராணியை எட்டிப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்.

"இவன் எல்லா டெண்டருக்கும் ஒரே வரிசையில நம்பர் போட்டு, ஒங்களுக்கு எல்லாத்தையும் ஒண்ணாச் சேத்துப் பின் அடிச்சிருக்கான்."

அந்த ஐந்தாம் பக்கம், மையத்துக்குக் கம்ப்யூட்டர் சப்ளை செய்கிறவர்களுக்கானது.